அமெரிக்கச் சிறைகளில் டிராவல் நர்ஸாகப் பணியாற்றுவது எப்படி: புதிதாகச் செல்பவருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் மருத்துவம் பெறுவதை அரசியலமைப்பின் பெயரால் உரிமையாகக் கேட்கக்கூடியவர்கள் சிறைக்கைதிகள்தான் என்று சொன்னால், ஊரிலிருந்து புதிதாக வந்த செவிலியர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். 1973ஆம் ஆண்டு டெக்சாஸ் சிறையொன்றில் லாரியிலிருந்து பருத்திப் பொதிகளை இறக்கும் வேலையில் இருந்த கேம்பிள் என்ற கைதியின் மேல் ஒரு பொதி விழுந்து முதுகில் அடிபட்டது. தனக்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்று அவர் கையால் எழுதி அனுப்பிய மனு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976ஆம் ஆண்டு எஸ்டெல் எதிர் கேம்பிள் என்ற தீர்ப்பாக வந்தது. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது, கொடூரமான தண்டனையைத் தடை செய்யும், அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்தை மீறுவதாகும் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. மூன்று மாதங்களில் 17 முறை அவரை மருத்துவப் பணியாளர்கள் பார்த்திருந்ததால், மருத்துவரைப் பொறுத்தவரை கேம்பிளின் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அவர் வாங்கிக்கொடுத்த விதி இன்றும் நிற்கிறது. சிறையில் வேலை செய்யும் ஒவ்வொரு நர்ஸின் குறிப்பேடும் அந்த விதியின் கீழ்தான் படிக்கப்படுகிறது.

இந்த வேலைக்கு ஆள் எப்போதும் பற்றாக்குறை என்பதால், 13 வார ஒப்பந்தத்தில் வந்துபோகும் டிராவல் நர்ஸ்களை நம்பியே பல சிறை மருத்துவப் பிரிவுகள் ஓடுகின்றன. ஊதியம் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சிறை ஒப்பந்தத்தை யோசிக்கும் தமிழ்ச் செவிலியர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதல் படி: ஜெயில் வேறு, பிரிசன் வேறு என்பதைப் புரிந்துகொள்வது

தமிழில் இரண்டையும் சிறை என்றே சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஜெயில் என்பது பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகத்தின் கீழ், அதன் காவல் தலைவரான ஷெரிஃப் நடத்துவது. கைதாகி இன்னும் விசாரணை முடியாதவர்களும், வழக்கமாக ஓராண்டுக்குக் குறைந்த தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். பிரிசன் என்பது மாநில அரசோ ஃபெடரல் (மத்திய) அரசோ நடத்துவது. நீண்ட தண்டனை பெற்றவர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள்.

நர்ஸுக்கு இந்த வேறுபாடு வேலையின் தன்மையையே மாற்றிவிடும். லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோவின் குக் கவுண்டி, ஹியூஸ்டனின் ஹாரிஸ் கவுண்டி போன்ற பெரிய ஜெயில்களில் இரவு பகலாக ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள். குடிபோதையில், காயத்தோடு, என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்றே சொல்லத் தெரியாத நிலையில் வருவார்கள். அவசரப் பிரிவில் வேலை செய்தவருக்கு அந்த வேகம் பழகியதாகத் தோன்றும். பிரிசனில் அந்த அவசரம் குறைவு. சர்க்கரை நோய், ஹெபடைடிஸ் சி, மனநோய், முதுமை ஆகியவற்றோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டும் வேலை அது. முதல் ஒப்பந்தத்துக்குப் பிரிசனே மேல் என்பது என் கருத்து. ஒரே முகங்களைப் பதின்மூன்று வாரமும் பார்ப்பதால், எது வழக்கம், எது மாற்றம் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும்.

இரண்டாவது படி: தகுதியைச் சரிபார்ப்பது

இந்தியாவிலிருந்து என்க்ளெக்ஸ் என்னும் செவிலியர் லைசென்ஸ் தேர்வு எழுதி, ஈ.பி.-3 என்னும் வேலைவழிக் குடியேற்றப் பிரிவில் கிரீன் கார்டு பெற்று வருகிறவர்களில் பலர், விண்ணப்பித்த நிறுவனத்தோடு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு வருகிறார்கள். அதை இடையில் முறித்துக்கொண்டு டிராவல் நர்ஸிங்குக்கு ஓடினால் ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட தொகையைக் கட்ட நேரிடலாம். ஆகவே அந்தக் காலம் முடிவதற்குள் இந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். பார்க்கத்தான் வேண்டும் என்றால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிய பிறகு பாருங்கள். ஃபெடரல் சிறைகளின் நிரந்தர வேலைக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை தேவைப்படும் என்பதால், நமக்குக் கவுண்டி ஜெயிலும் மாநிலச் சிறையும்தான் முதல் வாசல்.

டிராவல் நர்ஸ்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகள் வழக்கமாக ஓரிரு ஆண்டு அனுபவம் கேட்கும். அதற்குக் குறைந்து போகவே கூடாது என்று நான் சொல்வேன். மருத்துவமனையில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இன்னொரு நர்ஸ் இருப்பார், மருத்துவர் மாடியில் இருப்பார், ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு மணி நேரத்தில் வரும். சிறையில் இரவு நேரத்தில் நூற்றுக்கணக்கான கைதிகளுக்கு ஒரே ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) இருக்கும் இடங்களும் உண்டு. மருத்துவர் தொலைபேசியில்தான் இருப்பார். நோயாளியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும் துணிச்சலும் திறமையும் கையில் இல்லாமல் அங்கே போகக்கூடாது. அவசரப் பிரிவு அனுபவமும் மனநலப் பிரிவு அனுபவமும் நன்றாகக் கைகொடுக்கும். பி.எல்.எஸ். என்னும் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ் எங்கும் கட்டாயம், இதய அவசரங்களுக்கான மேல்நிலைச் சான்றிதழான ஏ.சி.எல்.எஸ். இருந்தால் கூடுதல் வாய்ப்பு.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நர்ஸ் லைசென்ஸ் உடன்படிக்கையில் சேர்ந்த மாநிலம் ஒன்றில் உங்கள் சட்டபூர்வ இருப்பிடம் இருந்தால், அங்கே பெறும் பல மாநில லைசென்ஸைக் கொண்டு உடன்படிக்கையில் உள்ள மற்ற மாநிலங்களிலும் வேலை செய்யலாம். டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா, ஜார்ஜியா, வட கரோலினா ஆகியவை அதில் உள்ளன. சிறை ஒப்பந்தங்களுக்குப் பெயர்போன கலிஃபோர்னியா அதில் இல்லை. அங்கே போக விரும்பினால் தனி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை சரிபார்ப்பும் சேர்ந்துகொள்வதால் காலம் பிடிக்கும். வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

மூன்றாவது படி: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் பேசும் ஏஜென்சியின் ரெக்ரூட்டர் வாரச் சம்பளத்தைத்தான் முதலில் சொல்வார். அந்தத் தொகை இரண்டு பகுதிகளால் ஆனது: வரிக்கு உட்பட்ட மணிக்கூலி ஒன்று, தங்குமிடத்துக்கும் உணவுக்குமான படி மற்றொன்று. படிக்கு வரி இல்லை என்று ஆசை காட்டுவார்கள். வேறோர் ஊரில் உங்களுக்கு உண்மையாகவே நிரந்தர வீடு இருந்து, அதற்கும் செலவு செய்துகொண்டு, இங்கேயும் செலவு செய்தால்தான் அந்த விலக்கு பொருந்தும். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு எங்கும் வீடில்லாதவருக்குப் படியும் வரிக்கு உட்பட்ட வருமானமே. ஒரே ஊரில் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்து தங்கினாலும் விலக்கு போய்விடும். மணிக்கூலியை மிகவும் குறைத்துக் காட்டும் ஒப்பந்தத்தில் ஓவர்டைம் தொகையும் அந்தக் குறைந்த கூலியின் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படக்கூடும் என்பதால், கூடுதல் ஷிஃப்டுக்கு எவ்வளவு என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை விட முக்கியமான கேள்விகள் வேறு. எத்தனை கைதிகள் இருக்கிறார்கள், ஒரு ஷிஃப்டில் எத்தனை நர்ஸ்கள், மருந்து கொடுப்பது எல்.வி.என்.களா (ஆர்.என்.க்கு அடுத்த நிலை நர்ஸ்கள்) நீங்களா, மருத்துவர் எந்த நேரம் நேரில் இருப்பார், குறிப்பெழுதுவது கணினியிலா காகிதத்திலா, எத்தனை நாள் பயிற்சி தருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பயிற்சி என்ற பெயரில் இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். அதில் ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பிலேயே போய்விடும். 2003ஆம் ஆண்டின் சிறைப் பாலியல் வன்முறை ஒழிப்புச் சட்டம் பற்றிய வகுப்பும் அதில் அடங்கும். ஒரு கைதி தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் யாரிடம், எப்படி அறிவிக்க வேண்டும் என்பது அதில்தான் சொல்லப்படும் என்பதால், கைப்பேசி இல்லாத சலிப்பில் தூங்கிவிட வேண்டாம்.

உத்தரவாத மணி நேரம் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், ஆள் அதிகம் என்று ஒரு நாள் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை.

நான்காவது படி: கிளியரன்ஸ் வந்த பிறகே வீட்டைப் பார்ப்பது

மருத்துவமனை ஒப்பந்தத்துக்கும் சிறை ஒப்பந்தத்துக்கும் நடுவே இருக்கும் பெரிய பள்ளம் இதுதான். உங்களை வேலைக்கு எடுப்பது மருத்துவப் பிரிவு. உள்ளே விடுவதா என்று முடிவு செய்வது பாதுகாப்புப் பிரிவு. கைரேகை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று எல்லாம் கொடுத்த பிறகும் கிளியரன்ஸ் என்னும் அனுமதி வர வாரக்கணக்கில் ஆகலாம். நம் பெயர்கள் இதில் தனித் தலைவலி. கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், லைசென்ஸில் கணவர் பெயரும், பழைய சான்றிதழில் வெறும் இனிஷியலும் இருந்தால், மூன்று பேரைத் தேடுவதுபோல் கோப்பு சுற்றிக்கொண்டிருக்கும். பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உறவினரோ தெரிந்தவரோ அந்தச் சிறையில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

என் இரண்டாவது ஒப்பந்தத்தில், திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது என்று ஏஜென்சி சொன்னதை நம்பி, ஞாயிறன்றே மூட்டை முடிச்சோடு வந்து ஒரு மாத வாடகையும் கொடுத்துவிட்டேன். கிளியரன்ஸ் வந்தது பதினெட்டு நாள் கழித்து. அந்தப் பதினெட்டு நாளுக்கும் சம்பளமும் இல்லை, படியும் இல்லை. ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் அது சின்ன எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு, கிளியரன்ஸ் மின்னஞ்சலைக் கண்ணால் பார்க்காமல் நான் காரை எடுப்பதில்லை. முதல் வாரம் மோட்டலில் வாரக் கணக்கில் தங்கிவிட்டு, ஊரைப் பார்த்த பிறகே அறை தேடுகிறேன்.

சிறைகள் ஊருக்கு வெளியேதான் இருக்கும். கலிஃபோர்னியாவின் பெலிக்கன் பே சிறை ஆரிகன் எல்லைக்கு அருகில், கிரெசன்ட் சிட்டி என்ற சிறிய கடலோர ஊரில் இருக்கிறது. நடுப்பள்ளத்தாக்கில் உள்ள கார்கோரன், டெலானோ ஆகிய ஊர்களைச் சுற்றி வயலும் பழத்தோட்டமும்தான். குளிர்காலத்தில் அங்கே டூலி என்று சொல்லும் மூடுபனி இறங்கினால், முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு முப்பது மைல் தள்ளி அறை எடுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது படி: கதவுகளுக்குப் பழகுவது

கார் நிறுத்துமிடத்திலிருந்து மருத்துவப் பிரிவுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆனாலும் வியப்பில்லை. சாலிபோர்ட் என்று சொல்லப்படும் இரட்டைக் கதவுகளில், பின்னால் உள்ளது மூடினால்தான் முன்னால் உள்ளது திறக்கும். இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், சூயிங்கம், கண்ணாடிப் பாட்டில் எதுவும் உள்ளே போகாது. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில்தான் சாப்பாட்டைக் கொண்டுபோக வேண்டும். எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கரண்டியும் வாசலிலேயே திரும்பிவிடும். எவ்வளவு பெரிய அவசரமானாலும் கைப்பேசியைத் தெரியாமல் கொண்டுபோய்விட்டேன் என்ற பேச்சு எடுபடாது. அன்றே ஒப்பந்தம் முடிந்துவிடும். கைதிகளின் உடை நிறத்தில் நீங்களும் உடுத்தக்கூடாது. கலிஃபோர்னியாவில் கைதிகள் நீல நிறம் உடுத்துவதால் நீல ஜீன்ஸ் ஆகாது. வேறிடத்தில் ஆரஞ்சு ஆகாது. அவசரத்தில் கோபுரத்தில் நிற்பவருக்கு நிறம்தான் அடையாளம்.

நாளுக்குப் பல முறை கவுன்ட் நடக்கும். எல்லாக் கைதிகளையும் எண்ணிக் கணக்கு ஒத்துவரும்வரை எந்த நடமாட்டமும் இருக்காது. ஃபெடரல் சிறைகளில் மாலை நான்கு மணிக் கணக்கின்போது கைதிகள் எழுந்து நிற்கவே வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வேலையைத் திட்டமிடும்போது இந்த நேரங்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நடுவில் இருக்கும் இடைவெளிகளில்தான் கட்டு மாற்றுவது, பரிசோதனைக்கு அழைப்பது ஆகியவற்றைப் பொருத்த வேண்டும்.

எண்ணப்படுவது கைதிகள் மட்டுமல்லர். ஊசி, சிரிஞ்ச், கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். முந்தைய ஷிஃப்ட்காரர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது, போட்டுவிடுங்கள் என்பார். உங்கள் கையால் எண்ணாமல் கையெழுத்திடாதீர்கள். ஒரு இன்சுலின் சிரிஞ்ச் குறைந்தால் சிறை முழுவதும் பூட்டப்படும். கடைசியாகக் கையெழுத்திட்டவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஆறாவது படி: மருந்து வரிசையை நடத்துவது

பில் லைன் என்று சொல்லும் மருந்து வரிசை, ஒரு சின்ன ஜன்னலுக்கு முன்னால் நகரும். கைதி அடையாள அட்டையை நீட்டுவார். நீங்கள் பெயரையும் எண்ணையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி, முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, மாத்திரையைக் கோப்பையில் போடுவீர்கள். அவர் தண்ணீரோடு விழுங்கி, வெறும் கோப்பையைக் காட்டி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னங்களையும் விரலால் இழுத்துக் காட்ட வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுபோய் விற்பது உண்டு. காபபென்டின், பியுப்ரோபியன், க்வெட்டியாபின், பியுப்ரெநார்ஃபின் ஆகியவற்றுக்கு உள்ளே நல்ல விலை. அதனால் சில மருந்துகளைப் பொடித்து நீரில் கலந்து கொடுக்கச் சொல்லி உத்தரவு இருக்கும். நீண்ட நேரம் மெல்ல வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்பதை மறந்துவிட வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றைக் கைதியே வைத்துக்கொள்ளும் கே.ஓ.பி. முறையும் உண்டு.

இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது வாய்ச் சோதனையைத் தளர்த்தத் தோன்றும். அதை விடத் தவறானது, இரண்டு பேருக்கு மட்டும் கடுமையாகவும் மற்றவர்களுக்கு இளகியும் நடந்துகொள்வது. எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சுவது இன்சுலின் வரிசையை. பல ஜெயில்களில் காலை உணவு நான்கு, ஐந்து மணிக்கே வந்துவிடும்; அதற்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பார்த்து இன்சுலின் போட வேண்டும். ஒரு விடியற்காலையில் பதினொரு பேருக்குச் சாப்பாட்டு நேர இன்சுலினைப் போட்டு முடித்தேன். போட்ட ஐந்தாவது நிமிடம் அடுத்த கட்டடத்தில் சண்டை, எல்லாக் கதவுகளும் பூட்டு, சாப்பாட்டு வண்டி சமையற்கூடத்திலேயே நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். குளுக்கோஸ் மாத்திரைக் குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு, காவலர் ஒருவரை அழைத்துக்கொண்டு அறை அறையாக ஓடினேன். ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை 48க்கு இறங்கியிருந்தது. கதவின் உணவுத் துவாரம் வழியாக நீட்டிய அவர் கை, வியர்வையில் ஈரத்துணிபோல் இருந்தது. அன்றிலிருந்து என் வழக்கம் ஒன்றுதான்: தட்டுகள் தளத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே வேகமாக வேலை செய்யும் இன்சுலினை எடுப்பேன். வரிசை தாமதமாகிறது என்று காவலர் முணுமுணுத்தால், காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

ஏழாவது படி: உள்ளே வருகிறவரைப் பார்ப்பது

ஜெயிலில் இன்டேக் என்னும் வரவுப் பரிசோதனைதான் உயிர் போவதும் பிழைப்பதும் தீர்மானமாகும் இடம். அமெரிக்காவின் உள்ளூர் ஜெயில்களில் நேரும் மரணங்களில் பல ஆண்டுகளாகத் தற்கொலையே தனிப்பெரும் காரணமாக இருந்துவருகிறது. கேள்வித்தாளில் தற்கொலை எண்ணம் உண்டா என்ற கட்டத்தை, தலை நிமிராமல் கேட்டு இல்லை என்று நிரப்பிவிட்டு நகர்வது எளிது. முதல் முறை கைதானவர், குடும்பத்தின் முன் அவமானப்பட்டவர், குழந்தைகளைப் பற்றிய வழக்கில் வந்தவர், போதை இறங்கிக்கொண்டிருப்பவர் ஆகியோரிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் கண்காணிப்பில் வைக்கச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்கு உண்டு. அதை நீக்கும் அதிகாரம் பொதுவாக மனநலப் பிரிவுக்கே உரியது.

அடுத்தது வித்ட்ராயல், அதாவது பழகிய போதை நிற்கும்போது உடல் படும் பாடு. ஹெராயின் போன்ற ஓபியாய்டுகள் நிற்கும்போது நோயாளி மிகவும் துன்பப்படுவார். வாந்தியும் பேதியும் தொடர்ந்தால் நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகும். மதுவை நிறுத்தும்போது ஆபத்து இன்னும் நேரடியானது. கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், நடுக்கமும் மனக்குழப்பமும் சேர்ந்த டெலீரியம் ட்ரெமன்ஸ் வரலாம். கைதான நேரம் முக்கியமன்று, கடைசியாகக் குடித்த நேரம் முக்கியம் என்பதைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். மதுவுக்குச் சீவா, ஓபியாய்டுக்குக் கௌஸ் என்ற மதிப்பெண் அட்டவணைகள் இரண்டையும் வருவதற்கு முன்பே கை பழகிவைத்துக்கொள்ளுங்கள். ஓபியாய்டு அளவு மீறியவரை மீட்கும் நலோக்ஸோன் மூக்குத் தெளிப்பு எங்கே இருக்கிறது என்பதை முதல் ஷிஃப்டின் முதல் மணி நேரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் சிறை நர்ஸிங்கின் மிக ஆபத்தான சொல் உங்கள் காதில் விழும்: நடிக்கிறான். காவலர் சொல்வார், பழைய நர்ஸ் சொல்வார், மூன்றாவது வாரத்தில் நீங்களே சொல்லத் தொடங்குவீர்கள். நடிப்பவர்கள் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறார்கள். ஆனால் நடிப்பு என்பது பரிசோதனை முடிந்த பிறகு வர வேண்டிய முடிவு. அதைப் பரிசோதனைக்கு முன் சொல்லிவிட்டால், 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்ன தெரிந்தே செய்த அலட்சியத்தின் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

ஓர் இரவு, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரைக் காவலர் அழைத்து வந்து, இவர் அடிக்கடி வருகிறவர், மாத்திரைக்காகக் கையை ஆட்டிக் காட்டுகிறார் என்றார். கை நடுக்கத்தை யாரும் நடித்துவிடலாம். நாக்கை நீட்டச் சொன்னேன், நாக்கு நடுங்கியது. அதை நடித்துக்காட்டுவது கடினம். நாடித்துடிப்பு 124, உள்ளங்கை முழுக்க வியர்வை. பேசிக்கொண்டே தன் சட்டையிலிருந்து இல்லாத எதையோ கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். சீவா மதிப்பெண் 23 வந்தது. மருத்துவரை எழுப்பினேன், ஆம்புலன்ஸ் வந்தது. காவலர் பிறகு என்னிடம், நாக்கைப் பார்ப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

குறிப்பெழுதும்போதும் இதே ஒழுங்கு. நடிப்பதாகத் தெரிகிறது என்று எழுதாமல், பார்த்ததையும் அளந்ததையும் மணி நேரத்தோடு எழுதுங்கள். வலி பத்துக்குப் பத்து என்கிறார், படுக்கையிலிருந்து உதவியின்றி எழுந்தார், வயிறு மென்மையாக உள்ளது, நாடித்துடிப்பு 76 என்று எழுதினால் படிப்பவர் முடிவு செய்துகொள்வார். மருத்துவரை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், என்ன சொன்னார் என்பதும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து மூன்று ஆண்டு கழித்து வழக்கு வரும்போது உங்களுக்கு அந்த முகம் நினைவிருக்காது. எழுதிவைத்தது மட்டும்தான் இருக்கும்.

எட்டாவது படி: சீட்டுகளையும் கோரிக்கைகளையும் கையாள்வது

உடம்பு சரியில்லை என்று கைதி எழுதிப் போடும் சீட்டுக்குப் பல சிறைகளில் கைட் என்று பெயர், அதாவது காற்றாடி. உள்ளேயிருந்து வெளியே பறக்கவிடுவது என்பதால் அந்தப் பெயர் நன்றாகப் பொருந்துகிறது. நோய் அறிகுறி சொல்லும் சீட்டு கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை நேரில் பார்க்க வேண்டும் என்பது சிறை மருத்துவத்துக்கான தேசிய ஆணையமான என்.சி.சி.எச்.சி.யின் தரவிதி. சீட்டில் பல் வலி என்று இருக்கும், நேரில் வந்தால் நெஞ்சுவலி என்பார். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து அறைக்காரர் எழுதிக்கொடுத்திருக்கலாம். பல இடங்களில் இந்தச் சந்திப்புக்குக் கைதியின் கணக்கிலிருந்து ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். ஃபெடரல் சிறைகளில் 2 டாலர். கலிஃபோர்னியா மாநிலச் சிறைகள் 2019இல் அதைக் கைவிட்டன. ஒரு மணி நேர உழைப்புக்குச் சில சென்ட்டுகள் பெறுகிறவருக்கு இரண்டு டாலர் பெரிய தொகை. நோயை முற்றவிட்டு வருகிறவர்களைத் திட்டும் முன் அதையும் நினைத்துப் பாருங்கள்.

கோரிக்கைகள் சிறிதாகத்தான் தொடங்கும். ஒரு பேனா, கூடுதல் போர்வை, கீழ்ப்படுக்கைக்கான சீட்டு, இன்னொரு ஐபுப்ரோஃபென். விதியில் இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று ஒரே முறை சொல்லுங்கள். பார்க்கிறேன் என்ற நம் ஊர்ப் பதிலை அங்கே வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள். மனமிரங்கி ஒரு சாக்லேட் கொடுத்தால், மறுநாள் அதை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டி அடுத்ததைக் கேட்பதற்கு அதுவே ஆதாரமாகும். வெளி மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் தேதியையும் நேரத்தையும் கைதியிடம் எக்காரணம் கொண்டும் சொல்லக்கூடாது. வழியில் தப்பிக்க ஏற்பாடு செய்துகொள்ள அது போதும். விரைவில் என்று மட்டும் சொன்னால் சரி. நீங்கள் எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்பதையும் பேசாமலிருப்பது நல்லது.

அதே நேரத்தில், மிஸ்டர் என்று குடும்பப் பெயரைச் சேர்த்து அழைப்பதற்குச் செலவில்லை. என்ன குற்றம் செய்து வந்தார் என்று இணையத்தில் தேடிப் பார்க்காதீர்கள். நான் ஒரே ஒரு முறை தேடினேன்; அதன் பிறகு அந்த மனிதருக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் என் கை இறுகியது.

ஒன்பதாவது படி: காவலர்களோடு வேலை செய்வது

உங்கள் உயிருக்கு அவர்கள் பொறுப்பு என்பதை மறக்க வேண்டாம். ஆள் விழுந்துவிட்டார் என்று ரேடியோ கத்தினால், பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போங்கள். ஆனால் காவலர் இடம் பாதுகாப்பானது என்று சொல்லும்வரை அறைக்குள் கால் வைக்காதீர்கள். கைதிக்கும் கதவுக்கும் நடுவே கதவுப் பக்கம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அவர்கள் வேலை வேறு, உங்கள் வேலை வேறு என்பதும் அதே அளவு தெளிவாக இருக்க வேண்டும். மிளகுப்பொடித் தெளிப்புக்கோ பலப்பிரயோகத்துக்கோ பிறகு கைதியைப் பரிசோதித்துக் காயங்களை உள்ளபடி எழுதுவது உங்கள் கடமை. ஒளித்து வைத்த பொருளைத் தேடி உடலின் உட்பகுதியைச் சோதிக்கச் சொன்னால், அது ஆதாரம் தேடும் வேலை, சிகிச்சை அன்று என்று மறுத்து மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். மரண தண்டனையில் செவிலியர் எந்த வகையிலும் பங்கேற்கக்கூடாது என்பது அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் நிலைப்பாடு. ஏஜென்சி மாறும், சிறை மாறும். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது.

பத்தாவது படி: முடித்துக்கொண்டு கிளம்புவது

பத்தாவது வாரத்தில் நீட்டிப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டுமென்றால் அப்போதுதான் ஊதியத்தைப் பேச முடியும். கிளியரன்ஸ் பெற்ற ஆள் நீங்கள் என்பதால் பேரம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வேண்டாமென்றால் மேற்பார்வையாளரிடம் பரிந்துரையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் அவரே மாறியிருப்பார்.

கடைசி நாள் எது என்று கைதிகளிடம் சொல்ல வேண்டாம். கடைசி ஷிஃப்டிலும் ஊசிகளை எண்ணுங்கள். வெளியேறும்போது சாவிக்கொத்தையும் பேட்ஜையும் ஒப்படைத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்கி, அதைக் கடைசி டைம்ஷீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி திரும்பவில்லை என்று சொல்லிக் கடைசி வாரச் சம்பளத்தை நிறுத்திவைத்த கதைகளைச் சக நர்ஸ்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.